ஓலைத் தொப்பி போட்ட இராயப்பர்

சேசு மரி சூசை துணை

கொடைக்கானல்
5-10-1975

அன்புள்ள லீமா அப்பாவுக்கு,

கித்தேரி எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. நலமாக இருக்கிற மனுஷனை யார் சானடோரியத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்கள்? அதனால் அதை விட்டுவிட்டேன். நானும் லீமாவும் இருக்கிறோம், சாப்பிடுகிறோம், உங்கள் மேல் கோபமாக இருக்கிறோம். இதுதான் இங்கத்திய சேதி.

கோபம் எதற்கு என்று உங்களுக்கே தெரியும். பெரிய டாக்டர் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். இடது நுரையீரல் முழுக்கக் கெட்டுப்போய்விட்டதாம். ஊசியும் மாத்திரையும் இனி அதற்குக் கேட்காதாம். ஆபரேஷன் செய்து அதை எடுத்துவிட்டால் வலது பக்கம் பிழைத்துக்கொள்ளும், கிறிஸ்மஸுக்குள் செய்தாக வேண்டும், ஆனால் நோயாளி கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார், வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறார். நீங்கள் என்னடாவென்றால் ஒரு கார்டில் நாலு வரி எழுதிப் போடுகிறீர்கள். "ஒத்த நுரையீரலை வெச்சுக்கிட்டு துடுப்புப் போட முடியாது. படகுக்காரன் கரையில உக்காந்து என்ன செய்ய? தலைக்கு மேல போன தண்ணி, சாண் என்ன, முழம் என்ன." நல்லா இருக்கிறது நியாயம்! போகிறவர் பாட்டுக்குப் போய்விடுவீர்கள். நான் யாரைத் திட்டிக்கொண்டு இருப்பது?

இருக்கட்டும். அதற்குள் இங்கே ஒரு அதிசயம் வீடு தேடி வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் லீமாவின் நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன்.

நான் இத்தனை வருடம் சமைத்துப் போட்ட எல்டன் அம்மா, பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னது போதும் என்று சொந்த தேசத்துக்கே கிளம்புகிறார்கள். பங்களாவில் எங்கே பார்த்தாலும் பெட்டியும் வைக்கோலும்தான். ஆளுக்கு ஒரு பொருள் கொடுக்கிறார்கள். எனக்கு ஃபிளானல் துணியில் சுற்றி ஒரு படம் கொடுத்தார்கள். அவர்களுடைய வேதாகமத் தமிழ்தான் உங்களுக்குத் தெரியுமே. "கித்தேரி, இதிலே ஒரு படவு உண்டு. அந்தோணிக்குப் பிரியமாயிருக்கும். எடுத்துக்கொள்" என்றார்கள். இன்னும் கேட்பதற்குள் பெட்டி கட்டுகிறவன் வந்து கூப்பிட்டுவிட்டான்.

வீட்டில் வந்து பிரித்தேன். லீமா அப்பா, எப்படிச் சொல்வேன்! நம் வீட்டுக் காலண்டர் அளவுகூட இல்லை. ஆனால் பிரித்ததும் வீடு பெரிதானது போல் இருந்தது. ஒரு ஏரி. அலை இல்லை, ஒரு சுருக்கம்கூட இல்லை. ஏரிக்குப் பின்னால் மலை, மலைக்குப் பின்னால் மலை. எல்லாம் நீலம்தான், ஆனால் ஒரு நீலம் போல் இன்னொன்று இல்லை. முன்னால் இருப்பது மை போல், அதற்குப் பின்னால் கொஞ்சம் வெளிறி, கடைசி மலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கரையில் இரண்டு பைன் மரம். நடுத் தண்ணீரில் ஒரு சின்னப் படகு, அதில் ஓலைத் தொப்பி போட்ட ஒரு ஆள். அவ்வளவுதான் படம். நான் அடுப்பில் உலை வைத்ததையே மறந்துவிட்டேன்.

உங்கள் மகள் வாய் மூட மாட்டாளே, அவளே படத்துக்கு முன்னால் நின்று பேச்சில்லாமல் போய்விட்டாள். அப்புறம் மெதுவாக, "அம்மா, இதுக்குள்ள சத்தமே இல்லம்மா" என்றாள்.

இது எந்த இடம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மலை, ஏரி, படகு, அதுவும் வேத ஊழியத்துக்கு வந்த அம்மா வீட்டுப் படம். கலிலேயாவைத் தவிர வேறு எந்தத் தண்ணீரை அவர்கள் கண்ணாடி போட்டு மாட்டி வைக்கப் போகிறார்கள்? கலிலேயாக் கடல் பெயருக்குத்தான் கடல், நிஜத்தில் ஏரிதான் என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? ஆண்டவர் காலால் நடந்த தண்ணீர், லீமா அப்பா. நம் வீட்டு மண் சுவரில் இருக்கிறது. திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டேன். நீங்கள் வந்து பார்க்க வேண்டும். வந்து பார்க்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆண்டவர் உங்களுக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும்.

கித்தேரியம்மாள்


சேசு மரி சூசை துணை

கொடைக்கானல்
19-10-1975

அன்புள்ள லீமா அப்பாவுக்கு,

உங்கள் கார்டு இன்னும் வரவில்லை. நீங்கள் எழுதாவிட்டால் நானும் சும்மா இருப்பேன் என்று நினைக்காதீர்கள்.

இது ஜெபமாலை மாதம். வழக்கம் போல மாதா சுரூபம் சாயங்காலம் சாயங்காலம் ஒவ்வொரு வீடாக வருகிறது. புதன்கிழமை நம் வீட்டு முறை. உபகாரம் அக்காதான் முன்னால் நின்று ஜெபம் சொல்லுகிறாள். அவள் ஜெபம் சொன்னால் பேத்துப்பாறை வரைக்கும் கேட்கும் என்று நீங்கள் கேலி செய்வீர்களே, அந்தத் தொண்டை இன்னும் அப்படியே இருக்கிறது. மாதாவைப் பெஞ்சில் வைத்து, மெழுகுதிரி ஏற்றி, "பிதாவுடைய" என்று ஆரம்பித்தவள் சுவரைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். மழையில் நனைந்து வந்த பத்துப் பெண்களும் அவள் பார்த்த இடத்தைப் பார்த்தார்கள். உபகாரம் அக்கா வாய் மூடி நின்றதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இது கலிலேயா என்று நான் சொன்னேன். அவ்வளவுதான். படகில் இருப்பது யார் என்று ஒருத்தி கேட்க, உபகாரம் அக்கா, "வேற யாரு, நம்ம இராயப்பருதான். மீன் பிடிச்சுக்கிட்டு இருந்தவரைத்தானே ஆண்டவரு கூப்பிட்டாரு" என்றாள். இராயப்பர் எதற்கு ஓலைத் தொப்பி போட்டிருக்கிறார் என்று லீமா கேட்டாள். "ஏ புள்ள, அந்த ஊர்ல மட்டும் வெயில் அடிக்காதா?" என்று அவள் வாயையும் அடைத்துவிட்டாள். படத்தின் மூலையில் சிவப்பாக, கோழி கிளறினது போல் ஏதோ எழுத்து இருக்கிறது. அதையும் சிலுவை மேல் மூன்று பாஷையில் எழுதி வைத்தார்களே, அதில் ஒன்று என்று தீர்த்துவிட்டாள். எபிரேயு பாஷையாம். எல்டன் அம்மா நம் சபை இல்லையே, 'பதிதர்' வீட்டிலிருந்து வந்த படமாயிற்றே என்று ஒரு முணுமுணுப்பு வந்தது. "தண்ணியில பதிதர் தண்ணி, ஆர்.சி. தண்ணின்னு உண்டாக்கும்?" என்றாள்.

அன்று ஜெபமாலை ஐந்து தேவ இரகசியமும் உங்கள் ஆபரேஷனுக்காகத்தான். முடிந்ததும் ஒவ்வொருத்தியாக வந்து கண்ணாடியில் விரல் வைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். உபகாரம் அக்கா படகைத் தொட்டு, "இராயப்பரே, அந்தோணியும் உம்ம சாதிதான். தண்ணியில பொழைக்கிறவன். அவனைக் கரையேத்தும்" என்று வேண்டிக்கொண்டாள். அவளும் நானும் குழாயடியில் எத்தனை சண்டை போட்டிருக்கிறோம்!

இப்போது தினமும் யாராவது வருகிறார்கள். வட்டக்கானலிலிருந்து ஒரு அம்மாள் மெழுகுதிரி வாங்கிக்கொண்டு இத்தனை தூரம் ஏறி வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாள். செவ்வந்தி மாலை வேறு போட்டிருக்கிறார்கள். எனக்குப் பெருமை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அவ்வளவு பெரிய தண்ணீரை இந்தச் சின்ன வீட்டில் எப்படி வைத்துக் காப்பாற்றுவேன் என்று இருக்கிறது.

வெள்ளனே எழுந்து முதலில் அதைத்தான் பார்க்கிறேன். விளக்கு இல்லாத நேரத்தில் அந்த நீலம் மட்டும் தனியாகத் தெரிகிறது. ஆண்டவரே, அந்த மனுஷன் கையைப் பிடித்து நீரே ஒரு கையெழுத்துப் போடவையும் என்று கேட்கிறேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

லீமா முத்தம் கொடுக்கச் சொன்னாள். ஊர் முழுக்க உங்களுக்காக முழங்கால் போட்டிருக்கிறது. அந்த முழங்கால்களுக்காவது இரக்கப்படுங்கள்.

கித்தேரியம்மாள்


சேசு மரி சூசை துணை

கொடைக்கானல்
3-11-1975

அன்புள்ள லீமா அப்பாவுக்கு,

கார்டு வந்தது. "இராயப்பருக்கு ரெண்டு நுரையீரலும் நல்லா இருந்துச்சு, அதான் வலை இழுத்தாரு. என்னைய ஏன் அவரோட சேக்குறீங்க?" என்று எழுதியிருக்கிறீர்கள். மூச்சு வாங்கினாலும் வாய்க்கொழுப்பு குறையவில்லை. அதற்கு ஸ்தோத்திரம். ஆனால் கையெழுத்துப் பற்றி ஒரு எழுத்து இல்லை. டாக்டர் மறுபடியும் எழுதிவிட்டார், வலது பக்கத்திலும் லேசாக ஒரு புள்ளி தெரிகிறதாம். இனிமேல் எனக்குக் கோபிக்கத் தெம்பில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன், முழுவதும் படியுங்கள்.

இராயப்பர் கதை முடிந்துவிட்டது. எல்டன் அம்மா போகிறதற்கு முன்னால் நம் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ள வந்தார்கள். நான் பதறிப்போய் நாற்காலியைத் துடைக்கிறேன், அவர்கள் சுவரைப் பார்த்து நிற்கிறார்கள். மாலை, மெழுகுதிரி, முழங்காலில் உபகாரம் அக்கா. அவர்கள் சபையில் சுரூபமோ, அதற்கு மெழுகுதிரியோ கிடையாதே! "கித்தேரி, இது என்ன காரியம்?" என்றார்கள். கலிலேயா என்றேன். "கலிலேயா அல்ல அம்மா. இது ஜப்பான்" என்றார்கள்.

எனக்குப் பூமி வாய் பிளக்காதா என்று இருந்தது. பத்து வீட்டுப் பெண்களை ஜப்பான்காரன் முன்னால் மண்டி போட வைத்திருக்கிறேன்! உபகாரம் அக்கா எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு, "அப்ப நாங்க செபிச்சது?" என்று கேட்டாள். எல்டன் அம்மா சிரிக்கவில்லை. "ஜெபம் படத்துக்குப் போகாது. போக வேண்டிய இடத்துக்கே போயிருக்கும்" என்றார்கள். "அது போதும். ஜப்பான்லயும் அவரு நடந்திருப்பாரு, யாரு கண்டா?" என்று சொல்லிவிட்டு உபகாரம் அக்கா மாலையைக் கழற்றிப் பக்கத்தில் இருந்த திரு இருதயப் படத்துக்குப் போட்டாள். அவளை ஜெயிக்க முடியுமா?

அப்புறம் எல்டன் அம்மா உட்கார்ந்து, நான் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னதுதான் அதிசயம். உலகச் சண்டைக்கு முன்னால், வயசுப் பெண்ணாக, ஜப்பானில்தான் முதலில் ஊழியம் செய்தார்களாம். அங்கே இதைச் செய்கிற இடத்துக்கே போய்ப் பார்த்திருக்கிறார்களாம். இதைத் தூரிகையால் எழுதவில்லையாம், லீமா அப்பா. மரப் பலகையில் செதுக்கி, சாயம் தடவி, அதன் மேல் தாளைப் போட்டு, தாளின் முதுகில் தேய்த்து எடுக்கிறார்களாம். லீமா உருளைக்கிழங்கை வெட்டி மையில் தோய்த்து அச்சு வைப்பாளே, அந்த வேலைதான். ஆனால் இந்த நீலத்துக்கு ஒரு பலகை, அந்த நீலத்துக்கு ஒரு பலகை, பைன் மரத்துக்கு ஒரு பலகை. ஒன்றன் மேல் ஒன்றாக அதே தாளில் வைக்க வேண்டும். மயிரிழை நகர்ந்தால் படகு தண்ணீரை விட்டு வெளியே போய்விடும். பைன் மரத்தின் ஊசி இலை ஒவ்வொன்றும் கத்தி சுற்றிலும் வெட்டிவிட்டு மிச்சம் விட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன். மரத்தையா இப்படித் தண்ணீராக ஆக்கினான் ஒருத்தன்?

அப்போதுதான் ஒன்று கேட்டேன். ஏரி நடுவில் வெள்ளையாக ஒரு பளபளப்பு இருக்கிறது, விடிகிற வெளிச்சம் தண்ணீரில் விழுந்தது போல. பார்த்தால் கண் கூசும். அந்த வெள்ளைக்கு எந்தப் பலகை என்று கேட்டேன். எல்டன் அம்மா சிரித்தார்கள். "அதற்குப் பலகை இல்லை. அந்த இடத்தில் மரத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். அங்கே சாயம் சேராது. நீ பார்க்கிறது வெறும் தாள்" என்றார்கள்.

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. வெட்டி எடுத்த இடம்தான் அந்தப் படத்திலேயே வெளிச்சமான இடம். நான் எட்டாவது படித்தவள். இதைப் போய் டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார். உங்களிடம் சொல்லலாம். கத்தி பட்டால் எல்லாம் பாழ் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் பயந்துகொண்டிருந்தேன், வெளியே சொல்லவில்லை. அப்படி இல்லை போலிருக்கிறது.

எல்டன் அம்மா வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார்கள். "அது ஒரு சாதாரண ஏரி, கித்தேரி. சாதாரணமான ஒரு காலை. உன் ஊரிலும் உண்டு." எனக்குச் சுருக்கென்றது. நான் பிறந்து வளர்ந்து, உங்களுக்கு வாக்கப்பட்டு, இந்த ஏரிக்கரையில்தானே கிடக்கிறேன்? நான் என்றைக்கு அதைப் பார்த்தேன்? இந்த ஈரக்காற்றுதான் உங்கள் நெஞ்சைத் தின்றது என்று இரண்டு வருடமாக அந்தப் பக்கம் திரும்பாமலே நடந்திருக்கிறேன்.

மறுநாள் வெள்ளனே போனேன். மழை விட்டிருந்தது. படகுத்துறையில் உங்கள் கூட்டாளி அழகர் படகில் நின்ற மழைத்தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். உங்கள் படகுதான், அவர்தான் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். "என்ன மதினி, அண்ணனுக்கு ஏதும்?" என்று பதறினார். ஒன்றும் இல்லை, ஏரியைப் பார்க்க வந்தேன் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்புறம், "அப்ப ஏறுங்க மதினி. சவாரி வர்றதுக்குள்ள வெரசா ஒரு சுத்து போயிட்டு வந்துருவோம்" என்றார். லீமா அப்பா, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் உங்கள் படகில் நான் ஒரு நாள் உட்கார்ந்ததில்லை. அது சீட்டு வாங்கினவர்கள் உட்காருகிற இடம் என்று நீங்களும் கூப்பிட்டதில்லை, நானும் கேட்டதில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

நடுவில் போய்த் துடுப்பை நிறுத்தினார். எப்படி எழுதுவேன்! மஞ்சு புகை மாதிரித் தண்ணீரை விட்டு மெல்ல எழும்புகிறது. மலைக்குப் பின்னால் மலை, நீலத்துக்குப் பின்னால் நீலம், கடைசி மலை இருக்கிறதா இல்லையா தெரியவில்லை. தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. கீழேயும் ஆகாசம், மேலேயும் ஆகாசம், நடுவில் ஒரு பலகையில் நான். மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. என்னைப் போல ஒரு பொம்பளை ஏரி நடுவில் உட்கார்ந்து ஓவென்று அழுதால் அழகர்தான் பாவம், என்ன செய்வார்? முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதையா நீங்களும் அவரும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், பாவி மனுஷர்களா, வீட்டில் வந்து ஒரு வார்த்தை சொன்னீர்களா?" என்று கேட்டேன். அவர் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. "எங்க மதினி பாக்க? துடுப்புப் போடுறவனுக்கு மூச்சு வாங்கவே சரியாப் போயிரும். சவாரி மொகத்தப் பாப்போம், கரை எம்புட்டுத் தூரம்னு திரும்பிப் பாப்போம். இதெல்லாம் உக்காந்து வர்றவங்களுக்குத்தான்" என்றார்.

அப்படியென்றால் நீங்களும் பார்த்ததில்லை. இருபது வருடம் அதன் மேலேயே கிடந்து, மற்றவர்களுக்குக் காட்டிவிட்டு, ஒரு காலையாவது முழுசாகப் பார்க்காமல், "முடிஞ்சு போச்சு" என்று கார்டு போடுகிறீர்கள். நான் விட மாட்டேன்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். லீமாவை உபகாரம் அக்கா பார்த்துக்கொள்வாள். கையெழுத்தை என் கண் முன்னால் போடுங்கள். கத்திக்கு நீங்கள் பயப்படுவது எனக்குத் தெரியும். எனக்கும்தான் குலை நடுங்குகிறது. இரண்டு பேரும் சேர்ந்து பயப்படுவோம், ஆனால் போடுங்கள்.

இனி நீங்கள் துடுப்பைத் தொட வேண்டாம். அழகர் போடட்டும், நான் சொல்லி வைத்துவிட்டேன். நாம் இரண்டு பேரும் சீட்டு வாங்கினவர்களைப் போலப் பின்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு காலையில் அந்த ஏரியைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அதற்கு ஒரு நுரையீரல் போதும்.

நான் வந்து சேருகிற வரைக்கும் மாதா உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும்.

உங்கள்
கித்தேரி